கோதாவுக்கு வெளியே நின்றவர்கள்

மொழிபெயர்ப்பை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இலக்கியம் கிடைப்பது எப்போதாவதுதான். மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் தாள், வங்கிக் கடன் விதிகள், பிரஷர் குக்கரின் உபயோகக் குறிப்பு என்று நாட்கள் ஓடும். போன குளிர்காலத்தில் கொஞ்சம் சுவாரசியமாக ஒன்று வந்தது. ஒரு சுற்றுலா நிறுவனத்தின் கையேடு. மெக்ஸிகோ நகரத்துக்குப் போகும் பயணிகளை ஓர் இரவு வழிகாட்டியோடு மல்யுத்தம் பார்க்க அழைத்துப் போகிறார்களாம். முதலில் ஆனைக்கற்றாழையிலிருந்து காய்ச்சி இறக்கிய மெஸ்கால், சின்னக் குவளையில். பிறகு தெருவோரத்தில் டாக்கோ. சோள மாவு ரொட்டிக்குள் கறியும் வெங்காயமும் கொத்தமல்லியும் வைத்து மடித்தது. ஆளுக்கொரு பளபளப்பான முகமூடி. அதை மாட்டிக்கொண்டு அரீனா மெக்ஸிகோ என்ற அரங்கத்துக்குள் போய்த் தொண்டை கிழியக் கத்த வேண்டும். யாரைத் திட்டுவது, யாரை வாழ்த்துவது என்பதை வழிகாட்டி சொல்லித் தருவார்.

இந்த இடத்தில்தான் என் பேனா நின்றது. அங்கே மல்லர்களில் இரண்டே சாதி. ஒருவன் 'டெக்னிக்கோ'. வித்தை தெரிந்தவன், ஒழுங்காகச் சண்டை போடுகிறவன். இன்னொருவன் 'ருடோ'. நடுவர் அந்தப் பக்கம் திரும்பியதும் எதிராளியின் கண்ணில் குத்துவான், முகமூடியைப் பிடித்து இழுப்பான், கூட்டத்தைப் பார்த்து முறைப்பான். தமிழில் என்ன போடுவது? எம்.ஜி.ஆர்., நம்பியார் என்று போட்டால் ஒரு நொடியில் விளங்கிவிடும். நிறுவனம் சம்மதிக்காது. விளையாட்டின் பெயரே தொல்லைதான். 'லூச்சா லிப்ரே' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சுதந்திரப் போராட்டம்' என்று வரும். உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு முகமூடி போட்டது போல ஆகிவிடும். நம் ஊர்ச் சுவரொட்டிகளில் அந்தக் காலத்தில் அச்சடித்த 'ஃப்ரீஸ்டைல் குஸ்தி' என்பதையே வைத்துக்கொண்டேன்.

கையேட்டுக்காகப் படித்ததில் தெரிந்துகொண்டவை இவை. மெக்ஸிகோவில் இந்தக் குஸ்தியைத் தொழிலாக நிறுவியவர் சால்வடோர் லுட்டெரோத். 1933இல் அவர் தொடங்கிய நிறுவனம் பெயர் மாறி இன்றும் நடக்கிறது. அரீனா மெக்ஸிகோ 1956இல் திறந்தது. 1968 ஒலிம்பிக்ஸின் குத்துச்சண்டைப் போட்டிகள்கூட அங்கேதான். மூன்று சுற்றில் இரண்டை வென்றவன் ஜெயித்தவன். பெரிய பகை என்றால் பந்தயம் பணமாக இருக்காது, முகமூடியாக இருக்கும். தோற்றவன் எல்லோர் முன்னிலும் அதைக் கழற்றித் தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். அவர்களுடைய ஆகப்பெரிய நாயகன் எல் சாந்தோ 1942இலிருந்து வெள்ளி முகமூடியோடு திரிந்தவர். ஐம்பதுக்கு மேற்பட்ட படங்களில் முகமூடியோடு நடித்தார். 1984 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முகத்தின் ஒரு பகுதியை மட்டும் காட்டினார். பிப்ரவரி 5 அன்று இறந்து போனார். முகமூடியோடுதான் புதைத்தார்கள்.

என் மகனுக்கு இதில் எதுவுமே புதிதல்ல. பதின்மூன்று வயது. ரே மிஸ்டீரியோ என்ற முகமூடிக்காரனை அவனுக்குத் தொலைக்காட்சி மூலம் அத்துபடி. அந்த முகமூடியின் மலிவுப் பதிப்பு தாதர் நடைபாதையில் வாங்கி வீட்டில் கிடக்கிறது. தொண்ணூறுகளில் நாங்களும் அண்டர்டேக்கர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு வைத்து மல்லுக்கட்டியவர்கள்தாம். "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணும் கிடையாதாம்மா?" என்று கேட்டான். பதில் என்னிடமிருந்து வரவில்லை, நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து வந்தது.

"ஏம்ல கிடையாது? நான் காட்டுதேன் வா."

அப்பாவுக்கு எழுபதாகப் போகிறது. மாட்டுங்கா ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். செம்பூரில் என்னோடு இருக்கிறார். ஆனால் பிறந்தது வளர்ந்தது தாராவி. தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியில் தோல் பதனிடும் கூடத்தில் சேர்ந்தவர். அன்று அந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் நம் மாவட்டத்து ஆட்கள் ஏராளம். பாந்த்ராவிலிருந்த ஆட்டுத்தொட்டியை 1970களில் தேவனாருக்கு மாற்றிய பிறகுதான் தாராவியின் தோல் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடின.

அப்பாவின் கதை 1968ஐச் சேர்ந்தது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. வொர்லியில் வல்லபாய் படேல் ஸ்டேடியம். 1950களின் கடைசியில் கட்டியது. இன்று அதற்குக் கூரை போட்டு டோம் என்கிறார்கள். கபடி நடக்கிறது, பாட்டுக் கச்சேரி நடக்கிறது, 2020இல் கொரோனா நோயாளிகளுக்குக் கட்டில் போட்டார்கள். அன்று அது திறந்தவெளி. அங்கே தாராசிங்.

தாராசிங்கைத் தெரியாத தமிழர் இருக்க முடியாது. குஸ்தியே பார்க்காதவன்கூட "பெரிய தாராசிங்குன்னு நெனப்பு" என்று பக்கத்து வீட்டுக்காரனை ஏசுவான். பஞ்சாபின் தர்மூசக் கிராமத்தில் 1928இல் பிறந்தவர். இருபது வயதுக்குள் சிங்கப்பூர் போய் அங்கே மல்யுத்தம் கற்றுப் பேர் வாங்கியவர். அவருடைய பரம எதிரி கிங்காங். அசல் பெயர் எமில் சாயா, ஹங்கேரியில் பிறந்தவர். பீப்பாய் உடம்பு, தாடி, உறுமல். சிங்கப்பூரிலும் இந்திய நகரங்களிலும் இருவரும் மோதி மோதியே இரண்டு பேர்களும் ஒரே மூச்சில் சொல்லும் சொல்லாகிவிட்டன. மெக்ஸிகோக்காரர்கள் ருடோ என்று சொல்வதன் முழு உருவம் இந்த மனிதர். 1970இல் கார் விபத்தில் அடிபட்டு இறந்தார். தாராசிங்கோ சினிமாவுக்கு வந்தார். அவர் நாயகனாக நடித்து 1962இல் வந்த படத்துக்கே 'கிங்காங்' என்றுதான் பெயர். பின்னால் ராமாயணத் தொடரில் அனுமாராகி வீடுவீடாகக் கற்பூரம் வாங்கினார். 2012இல் மும்பையில் காலமானார்.

அப்பா பார்த்த அன்று எதிராளி கிங்காங் அல்ல, ஒரு வெள்ளைக்காரன். பெயர் அவருக்கு மறந்துவிட்டது. இப்போதெல்லாம் "லூ தெஸ்தான் அது" என்று அடித்துச் சொல்கிறார். 1968 மே 29 அன்று பம்பாயில் தாராசிங் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வீழ்த்தி உலக சாம்பியன் பட்டம் பெற்றது வரலாறு. அதைப் பிற்பாடு எங்கோ படித்துத் தன் ஞாபகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டார் என்பது என் சந்தேகம். வெளியே சொன்னதில்லை.

அவர் நன்றாக நினைவு வைத்திருப்பது வேறு. போட்டிக்குப் போகும் மாலையில் தாத்தா இரண்டு தடவை குளித்தார். எலுமிச்சம்பழத்தை வெட்டி உடம்பெல்லாம் தேய்த்தார். பச்சைத் தோலின் வாடை நகக்கண்ணில் ஏறிவிடும், லேசில் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போவது அவருக்குப் பழக்கம்தான். அன்று மட்டும் அது நடக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். இன்னொன்று, லுங்கியை அவிழ்த்துவிட்டுக் கால்சட்டை போட்டுக்கொண்டார்.

அந்தக் கால்சட்டைக்குக் காரணம் உண்டு. 1966 ஜூனில் சிவசேனை தொடங்கியது. தென்னிந்தியருக்கு எதிரான பிரசாரம்தான் அதன் ஆரம்ப நாட்களின் மூலதனம். தமிழனோ கன்னடனோ மலையாளியோ, எல்லோருக்கும் ஒரே பெயர், 'மதராஸி'. லுங்கியை விரட்டுவோம் என்று கோஷம். 1969 பிப்ரவரியில் எல்லைத் தகராறை ஒட்டி நகரமே பற்றி எரிந்தபோது தென்னிந்தியர் ஓட்டல்கள் தாக்கப்பட்டன. ஆக, இந்த ஊர் தனக்கென்று ஒரு ருடோவைத் தேடிக்கொண்டிருந்த வருடம் அது. அவன் லுங்கி கட்டியிருந்தான்.

"ஸ்டேடியத்துல என்னப்பா பண்ணினாங்க தாத்தா?" என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பதில் மாறியதே இல்லை. "கத்துனாரு." வீட்டில் அதட்டிப் பேசாத மனிதர். மேஸ்திரி வைதால் தலை குனிந்து நிற்பவர். அவர் பெஞ்சின் மேல் ஏறி நின்று "மாரோ, மாரோ" என்று கத்தினார். அவருக்குத் தெரிந்த இந்தியில் பாதி அது. இந்தப் பக்கம் ஒரு மராத்திக்காரர், அந்தப் பக்கம் ஒரு சர்தார்ஜி, மூன்று பேரும் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். வெள்ளைக்காரன் கயிற்றுக்கு வெளியே விழுந்தபோது மராத்திக்காரர் தாத்தாவின் கையில் தன் வேர்க்கடலைப் பொட்டலத்தையே கொடுத்துவிட்டார். பஸ் கிடைக்காமல் இரண்டு பேரும் நடந்தே தாராவி திரும்பியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. ஆச்சி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

இனி எங்கள் சுற்றுலா.

ஹோலிக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழிகாட்டி அப்பா, பயணிகள் நானும் மகனும். மெக்ஸிகோக்காரர்களைப் போல முதலில் பானம் என்று ஆரம்பித்தோம். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் போய் ஃபில்டர் காபி, ரச வடை. சனி ஞாயிறுகளில் இங்கே கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கோயில் தரிசனம் மாதிரி வரிசையில் நிற்கிறார்கள். நிற்பவர்களில் தமிழர் பாதிகூட இல்லை. குஜராத்திக் குடும்பங்கள் கேழ்வரகு தோசைக்குக் காத்திருக்கின்றன. லுங்கியை விரட்டலாம், சாம்பாரை விரட்ட முடியாது என்று அப்பா எப்போதும் சொல்வதை அன்றும் சொன்னார். தமிழ்ப் படம் ஓடிய அரோரா தியேட்டரைக் காட்டினார். எம்.ஜி.ஆர். கத்திச் சண்டைக்கு விசிலடிக்கும் பயிற்சிதான் தனக்கு வொர்லியில் உதவியது என்றார்.

"தாத்தா, உங்க தாத்தா மெஸ்கால் மாதிரி ஏதாச்சும் குடிச்சாரா?" என்று மகன் கேட்டான். அது என் தாத்தா, அவனுக்குப் பூட்டன். அப்பா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்கு நாற்பதுகளின் கடைசியில் வந்தது. அறுபதுகளில் கொஞ்சம் தளர்த்தி, குடிக்க விரும்புகிறவர்களுக்குப் பெர்மிட் கொடுத்தார்கள். பெர்மிட்டும் சீமைச் சரக்கும் வசதி உள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்குத் தாராவிக் கழிமுகத்தின் சதுப்பில் காய்ச்சியது. வெல்லமும் நவச்சாரமும் போட்டு ஊறவைத்து இறக்குவது. 'நாயகன்' படம் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. அந்தப் படத்துக்கு மாதிரியாக இருந்த வரதராஜ முதலியாரின் சாம்ராஜ்யம் எழுந்ததே இந்தச் சரக்கின் மேல்தான். தாத்தா வொர்லிக்குப் போன அன்று குடிக்கவில்லை என்பது அப்பாவின் வாக்குமூலம். குடித்துவிட்டுப் பார்த்தால் பிடி தெரியாதாம்.

டாக்ஸி பிடித்துத் தாராவி, தொண்ணூறு அடி ரோடு. முறுக்கு வாங்கினோம். தேன்குழல், கைமுறுக்கு, அதிரசம் எல்லாம் கண்ணாடிப் பெட்டியில். விடியற்காலையில் வந்தால் சைக்கிளில் இட்லிப் பாத்திரம் கட்டி ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்பும் நம் ஆட்களைப் பார்க்கலாம். மும்பையின் மூலை முடுக்கெல்லாம் காலை இட்லி இங்கிருந்துதான் போகிறது. அப்பா பிறந்த வீடு இருந்த சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். கதவுகளில் சர்வே எண் எழுதியிருந்தது. தாராவியை இடித்துக் கட்டும் உரிமையை 2022இல் அதானி குழுமம் ஏலத்தில் பெற்றது. கணக்கெடுப்பு 2024இல் தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பே இருந்தவரா, தரைத்தளமா, மாடியா என்று தாள்களைக் கொண்டு மனிதர்களைப் பிரிக்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் அப்பாவைக் கண்டதும் நலம் விசாரிக்கவில்லை. "அண்ணே, உங்க பழைய ரேஷன் கார்டு வச்சிருக்கீயளா? அதுல எங்கய்யா பேரு சேத்திருந்ததா ஞாபகம்" என்றார்.

கையேட்டுக்காகப் படித்ததில் ஒருவர் அப்போது எனக்கு நினைவுக்கு வந்தார். 1985இல் மெக்ஸிகோ நகரில் பெரும் பூகம்பம். வீடிழந்த வாடகைதாரர்களை விரட்டிவிட்டு மனையை வளைக்க ஆட்கள் புறப்பட்டார்கள். 1987இல் சிவப்பும் மஞ்சளுமாக மல்லனின் உடுப்பும் முகமூடியும் அணிந்த ஒரு மனிதர் தெருவில் இறங்கினார். பெயர் சூப்பர்பாரியோ. 'பாரியோ' என்றால் நம் பேட்டை என்பது போல. எங்கே வீட்டைக் காலி செய்ய ஜப்தி ஆட்கள் வருகிறார்களோ அங்கே போய் நிற்பார். அதிகாரிகளைப் பார்த்துப் பேசுவார். யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார். இதை மகனிடம் சொன்னேன். தாராவிக்கு ஒருவர் வருவாரா என்றான். வந்தால் அவரிடமும் ரேஷன் கார்டு கேட்பார்கள் என்றார் அப்பா.

இரவு ஏழு மணிக்குக் குர்லா. ரயில் பாதையை ஒட்டிய ஒரு மைதானத்தில் மண் குஸ்தி. மும்பைக்கு இதைக் கொண்டுவந்தவர்கள் கோலாப்பூர், சாத்தாரா பக்கத்திலிருந்து பஞ்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள். சாலுக்குச் சால் 'தாலீம்' என்று பயிற்சிக்கூடம் வைத்தார்கள். கோலாப்பூரில் ஷாஹு மகாராஜா குஸ்திக்கென்றே கட்டி 1912இல் முடித்த காஸ்பாக் மைதானம் இன்றும் இருக்கிறது. ஆலைகள் மூடிய பிறகு மும்பையின் தாலீம்கள் பலவும் மங்கிவிட்டன. ஆனாலும் குளிர்காலம் முதல் கோடை வரை ஞாயிறுகளில் எங்காவது ஒரு திடலில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டிக் கோதா போட்டுவிடுகிறார்கள். மண்ணில் மோரும் எண்ணெயும் மஞ்சளும் எலுமிச்சையும் கலந்து பதமாக்குவது பழைய முறை. கிட்டே போனால் ஊறுகாயும் கோயில் பிரகாரமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை.

டிக்கெட் கிடையாது. ஹலகி மேளம் காதைப் பிளக்கிறது. வடா பாவ், வேர்க்கடலை, கட்டிங் சாய், நாவல் பழ நிறத்தில் காலா கட்டா கோலா. பாதாம், கசகசா, சோம்பு, மிளகு அரைத்துப் பாலில் கலந்த தண்டாய் பயில்வான்களுக்கானது என்றாலும் காசு கொடுத்தால் நமக்கும் தருகிறார்கள். நான் இரண்டு தம்ளர் குடித்தேன். ஹோலிக்காக அதில் வேறொன்று கலப்பார்களே என்று அப்பா கவலைப்பட்டார். அப்படி எதுவும் இல்லை.

சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, ஒருவர் உடம்பில் ஒருவர் மண்ணை வீசிக்கொள்கிறார்கள். வியர்வையில் பிடி வழுக்காமல் இருக்க. முதலில் எட்டு வயதுப் பொடியன்கள், பரிசு ஐம்பது ரூபாய். போகப் போகத் தொகையும் உடம்பும் ஏறுகிறது. முதுகு மண்ணில் பட்டால் தோல்வி. குப்புற விழுந்தால் தோல்வியே இல்லை. அப்படிப் படுத்து மண்ணைக் கவ்விக்கொண்டு கிடப்பது ஒரு தற்காப்பு. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றவனை நாம் காலம் காலமாகக் கேலி செய்கிறோம். குஸ்தி சட்டப்படி அவன் தோற்கவே இல்லை. மண் ஒட்டியதை ஒப்புக்கொண்டிருந்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது.

"இதெல்லாம் நிஜமா, சும்மாவா?" என்று மகன் கேட்டான். தொலைக்காட்சியில் வளர்ந்த பிள்ளை, சந்தேகம் நியாயம்தான். 1989இல் அமெரிக்காவில் நியூஜெர்சி மாநில அதிகாரிகளிடம் அந்த நிறுவனத்தாரே தங்களுடையது வெறும் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டு என்றால் கண்காணிப்பும் கட்டணமும் உண்டு, அதைத் தவிர்க்க. தாராசிங்கிடம் தோற்ற லூ தெஸ்ஸும் பிற்பாடு அவரை அசல் மல்லர், அருமையான உடற்கட்டு என்று புகழ்ந்து, அவரிடம் தோற்பதில் தனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை என்ற பொருளில் எழுதினார். ஆட்சேபம்! அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. தோற்கும்போது அவருக்கு 52 வயது. அப்பாவிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. சொன்னாலும் அவர் அசைய மாட்டார் என்று நினைக்கிறேன். பொட்டலம் கைமாறியது நாடகம் இல்லையே.

இந்தச் சந்தேகத்தால் பம்பாயில் அடிபட்டவர் ஒரு பெண். ஹமீதா பானு, மிர்சாபூரில் பிறந்து அலிகரில் சலாம் பயில்வானிடம் பயிற்சி பெற்றவர். தன்னைத் தோற்கடிக்கும் ஆணை மணந்துகொள்வதாக 1954இல் சவால் விட்டார். பரோடாவில் பாபா பயில்வானை 1 நிமிடம் 34 விநாடியில் சாய்த்தார். அதே ஆண்டு பம்பாயில் ருஷ்யாவின் பெண் கரடி என்று விளம்பரம் செய்யப்பட்ட வேரா சிஸ்டிலினை ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். 108 கிலோ எடை. தினம் ஐந்தரை லிட்டருக்கு மேல் பால், ஒரு கோழி, கிலோ கணக்கில் பாதாமும் கறியும், இரண்டு தட்டு பிரியாணி என்று அவர் சாப்பாட்டைத்தான் அந்நாளையப் பத்திரிகைகள் ஆசையாக எழுதின. அவருடைய போட்டிகளுக்குத் தடை வந்தபோது பம்பாய் முதலமைச்சர் மொரார்ஜி தேசாய்க்குப் புகார் அனுப்பினார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, எதிரே டம்மி ஆட்களை நிறுத்துவதாகப் புகார் வந்தது என்று பதில் கிடைத்தது. கிங்காங்கின் உறுமலை யாரும் இப்படிச் சோதித்ததாகத் தெரியவில்லை. ஐரோப்பா போக விரும்பியபோது சலாம் அவருடைய கைகளை அடித்து உடைத்ததாக உறவினர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் கல்யாணில் பால் விற்றார், கையில் காசு இல்லாத நாட்களில் தெருவோரம் பலகாரமும் விற்றார். 1986இல் இறந்தார். எங்கள் வீட்டிலிருந்து கல்யாண் ஒரு மணி நேர ரயில் தூரம். 2024 மே 4 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் படத்தைப் போட்ட பிறகே எனக்கு அவரைத் தெரியும்.

குர்லாவில் கோதாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் எதிர்ச் சாலின் மாடி வராந்தாவில் வரிசையாக நின்றிருந்தார்கள். எம்.ஏ. தமிழ் படித்தவளுக்கு நக்கண்ணையார் ஞாபகம் வருவதைத் தடுக்க முடியாது. உறையூர்த் தித்தனின் மகன் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி தந்தையோடு பகைத்துக்கொண்டு வெளியேறி ஆமூரில் ஒரு மல்லனோடு மோதுகிறான். சாத்தந்தையார் அந்தச் சண்டையைப் பிடி பிடியாகப் பாடினார். ஒரு முழங்கால் மல்லனின் மார்பில், இன்னொரு கால் அவன் தப்பாதபடி முதுகில். நேர்முக வர்ணனை தோற்றது. அவனைக் காதலித்த நக்கண்ணையார் புறநானூறு 83 முதல் 85 வரை மூன்று பாட்டுப் பாடியிருக்கிறார். மூன்றாவதில் சொல்கிறார்: இது அவன் ஊரும் அல்ல, அவன் நாடும் அல்ல, அதனால் கூட்டத்தில் ஒரு சாரார் அவன் வென்றான் என்கிறார்கள், ஒரு சாரார் இல்லை என்கிறார்கள். அவரோ வீட்டருகே ஒரு பனைமரத்தில் சாய்ந்து நின்று அவன் வென்றதைக் கண்டுவிட்டார். இதைக் கல்லூரியில் கைக்கிளைத் திணை என்று படித்துத் தேர்வும் எழுதினேன். வெளியூர்க்காரன் ஜெயித்ததை ஒப்புக்கொள்ள முடியாத ஒரு ஜனத்திரளைப் பற்றிய செய்தி அது என்பது மும்பையில் பல வருடம் இருந்த பிறகே எனக்கு உறைத்தது.

ஆச்சி குஸ்தி பார்த்ததே இல்லை. அன்று இரவு அப்பாவையே தாராசிங்காக்கி, தலையணையை வெள்ளைக்காரனாக்கி முழுச் சண்டையையும் தாத்தா நடத்திக் காட்டினாராம். ஆச்சி கேட்ட ஒரே கேள்வி, "உங்கள யாரும் ஒண்ணும் சொல்லலயே?"

ஒன்பது மணிக்குப் பெண்கள் குஸ்தி என்று மைக்கில் அறிவித்தார்கள். மகாராஷ்டிரத்தில் இப்போது இது சகஜம். பதினாலு பதினைந்து வயதில் இரண்டு பெண்கள். ஒருத்தி உள்ளூர். அவள் இறங்கியதும் மேளம் இரட்டிப்பானது. மற்றவள் துணிப்பை வைத்திருந்த அவள் தகப்பனோடு வந்திருந்தாள். அவளுக்கு யாரும் கை தட்டவில்லை. பிடித்த இரண்டாவது நிமிடமே உள்ளூர்க்காரி அவளைக் குப்புறத் தள்ளி முதுகில் ஏறிவிட்டாள். புரட்ட வேண்டியதுதான் பாக்கி. திடல் முழுவதும் எழுந்து நின்றது.

"விடாத தாயி! விடாத! மண்ணப் பிடி!" என்று தமிழில் ஒரு குரல். அப்பா. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தாத்தா, லோக்கல் பொண்ணு மேல இருக்கு. நீங்க யாருக்குக் கத்துறீங்க?"

"கீழ கெடக்கவளுக்கு."

நானும் கத்தினேன். தமிழிலா இந்தியிலா என்று தெரியாது. மாடி வராந்தாவிலிருந்து இரண்டு மூன்று பெண் குரல்கள் மராத்தியில் சேர்ந்துகொண்டன. அவள் கை கால்களை விரித்து மண்ணோடு மண்ணாகக் கிடந்தாள், புரளவில்லை. நேரம் முடிந்தது. நடுவர் இருவர் கைகளையும் உயர்த்தி வெற்றி தோல்வி இல்லை என்றார்.

வழக்கப்படி இருவரும் கூட்டத்தைச் சுற்றிக் கையேந்தி வந்தார்கள். உள்ளூர்க்காரிக்குப் பத்தும் இருபதுமாகக் குவிந்தது. மற்றவள் எங்களிடம் வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். உதடு, மூக்கு, புருவம் எல்லாம் செம்மண். ஊர் எது என்று அப்பா இந்தியில் கேட்டார். கராட் பக்கம் என்றாள். இருநூறு ரூபாய்த் தாளை நாலாக மடித்துக் கொடுத்தார். அவள் பிரித்துப் பார்த்துவிட்டு, தவறிக் கொடுத்துவிட்டாரோ என்று ஒரு கணம் நின்றாள். பிறகு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.